இராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு தமிழருடையது. எனினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவரின் விழா மேடைகளைக் காணும்போது, அவ்விரு கண்களில் ஒன்றை மட்டுமே திறந்து வைத்திருக்கிறோமோ என்னும் ஐயம் எழுகிறது. ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடக்கிறது, பரதம் நடக்கிறது, நாடகம் நடக்கிறது. எண்ணுக்கு மட்டும் இடமில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் எண்ணைப் பற்றி எழுத விழைந்தோம். மலர்க்குழு நண்பர் ஒருவர், "எந்த எண்ணைப் பற்றி ஐயா?" என்று வினவினார். தாளில் எழுதிக் காட்டினோம்:

67,46,32,83,88,800

"இது யாருடைய வங்கிக் கணக்கு?" என்று அவர் நகைத்தார். 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 என்று இதைப் படிக்க வேண்டும். இது எவருடைய செல்வமும் அன்று. ஒரு காலத்தில் நம்மைப் போல் குமாஸ்தாவாகப் பேரேடு எழுதிய ஒருவர், பின்னாளில் கையால் கணக்கிட்டு அமைத்த பட்டியலின் இறுதி எண். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

குமாஸ்தா இராமானுஜன்

இராமானுஜனைப் பற்றிப் பேசுவோர் 1729 என்னும் எண்ணில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். வாடகை வண்டியின் எண்ணைப் பேராசிரியர் ஹார்டி சுவையற்றது என்றதும், நோய்ப்படுக்கையில் இருந்த இராமானுஜன் அதனை இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்றதும் யாவரும் அறிந்த கதை. கதை நல்லதே. ஆனால் அது மின்னல் போன்றது. கண்ணைக் கூசச் செய்துவிட்டு மறைகிறது. அந்த மேதையின் உழைப்பை அதில் காண இயலாது. உழைப்பைக் காண விரும்புவோர் 1915-ஆம் ஆண்டுப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும்.

அதற்கு முன் அவருடைய வாழ்வை ஒருமுறை நினைவுகூர்வோம். 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையைக் கணிதம் ஒழிந்த பிற பாடங்களின் காரணமாக இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுக நிர்வாகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவ்வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில், தாம் மெட்ரிகுலேஷன் தேறியவர் என்றும், மேலே படிக்க இயலாமற்போயிற்று என்றும் குறிப்பிட்டிருந்தார்.

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. யாமும் பள்ளியிறுதித் தேர்வோடு நின்றவரே. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் இருப்புப்பாதை அலுவலகமொன்றில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கல்லூரி வாயிலை யாம் மிதித்ததில்லை. ஒருவர் "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது நாக்கு சற்றே தடுமாறும். இராமானுஜனுக்கும் எமக்கும் அறிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு உண்டு; ஆயினும் விண்ணப்பத் தாளில் படிப்பு என்ற இடத்தில் அவர் எழுதிய சொல்லும் யாம் எழுதிய சொல்லும் ஒன்றே. அந்த உறவை முன்னிட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

அவர் பணியாற்றிய இடத்தில் நல்ல மனிதர் இருவர் இருந்தனர். ஒருவர் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்; அவர் முன்னர் இருப்புப்பாதைப் பொறியாளராக விளங்கியவர். மற்றவர் எஸ். நாராயண ஐயர், கணிதம் அறிந்த மேலதிகாரி. மாலை வேளைகளில் நாராயண ஐயரும் இராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டுப் பலகையுடன் அமர்ந்து கணக்கிடுவர். 1913 ஜனவரி 16-ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடலிலும், இராமானுஜன் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றே அறிமுகம் செய்துகொண்டார். 1914 மார்ச் மாதம் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் அடைந்தார்.

மூவர் பகிர முடியாத ரூபாய்

இனி அப்பட்டியல் எத்தகையது என்பதைக் காண்போம். கடையில் பொருளை டஜன் கணக்கில் ஏன் விற்கிறார்கள்? நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என ஏன் வகுத்தார்கள்? பங்கிடுவதற்கு எளிது என்பது ஒரு சிறந்த காரணம். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதமின்றி வகுக்கும். 12-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. 24-க்கு எட்டு, 60-க்குப் பன்னிரண்டு, 360-க்கு இருபத்து நான்கு. தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகுஎண்களைப் பெற்ற எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை செல்லும்.

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைத் தூங்கும் பெட்டியில் 72 படுக்கைகள். 72-க்கும் பன்னிரண்டு வகுஎண்கள் உண்டு. ஆயினும் 60 முன்னரே பன்னிரண்டைப் பெற்றுவிட்டமையால் 72-க்கு இவ்வரிசையில் இடமில்லை. சமமாக நின்றால் போதாது. முந்தியவற்றை விஞ்ச வேண்டும்.

நம் பாட்டனார் காலத்து ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பைசா. ஆக 192 பைசா. மூவர் ஒரு ரூபாயைப் பகிர்ந்தால் ஆளுக்கு 5 அணா 4 பைசா, சண்டை இல்லை. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 100 புதுக்காசு வந்தது. பத்துப் பத்தாக எண்ணுவது எளிதாயிற்று; ஆனால் மூவர் பகிர்ந்தால் ஒரு காசு எவர் கையிலும் சேராமல் நிற்கும். 192-க்குப் பதினான்கு வகுஎண்கள், 100-க்கு ஒன்பதே. எண்ணின் பெருமை அதன் பருமனில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பேரெண்ணின் உள்ளமைப்பு

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில், அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட நெடிய கட்டுரையாக இவ்வெண்களைப் பற்றிய இராமானுஜனின் ஆராய்ச்சி வெளியாயிற்று. 1916 மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் அவருக்கு அளித்த பி.ஏ. பட்டம் இவ்வாராய்ச்சிக்காகவே. கல்லூரித் தேர்வில் தவறியவர், தேர்வெழுதாமலே பட்டதாரி ஆனார்.

அக்கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களின் அட்டவணை உண்டு. கணினி இல்லாத காலம். பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் வகுஎண்கள் எத்தனை என்று கண்டு, இடையில் வேறொன்று மறைந்து நிற்கவில்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். அவ்வட்டவணையின் கடைசி வரியே நாம் முதலில் எழுதிய 67,46,32,83,88,800.

இவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் அழகிய ஒழுங்கு தோன்றும். 2 ஆறு முறை. 3 நான்கு முறை. 5 இரு முறை. 7 இரு முறை. பின் 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. சிறிய பகா எண் மிகுதியாகவும் பெரியது குறைவாகவும் படிப்படியாக இறங்கி நிற்பதையும், இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாமையையும் நோக்குக. எல்லா உயர் பகு எண்களும் இவ்வாறே அமையும் என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற அனைத்திலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்றும் இராமானுஜன் நிறுவினார்.

வகுஎண்களின் தொகையைக் காண ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வந்ததோ அதனோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 7, 5, 3, 3, பின்னர் ஐந்து முறை 2. பெருக்கினால் 10,080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதுவும் 10,080 தான். வாரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு வகுஎண் வீதம் கொடுத்து முடிக்கலாம்!

தாராவியில் ஒரு மாலை

தாராவியில் நம் அன்பர்கள் நடத்தும் மாலை வகுப்பில், வாரம் ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருநாள் இப்பேரெண்ணைக் கரும்பலகையில் எழுதி, 2 முதல் 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்து உடைக்குமாறு பணித்தோம். பிள்ளைகள் யாவரும் 2-இல் தொடங்கினர். ஒரு சிறுவன் மட்டும் 23-இல் தொடங்கினான். "ஏனப்பா கடைசியிலிருந்து வருகிறாய்?" என்றோம். "பெரிய எண்ணால் முதலில் வகுத்தால் கணக்கு சீக்கிரம் சிறிதாகும், ஐயா" என்றான். அறிவான மறுமொழி. அவனுடைய நோட்டில் முதல் வரியின் விடையைக் கண்டோம்:

2,93,31,86,25,600

எமக்கு மெய் சிலிர்த்தது. ஏனெனில், இராமானுஜன் தம் பட்டியலில் எழுதாமல் விட்டது இந்த எண்ணைத்தான்.

ஆம், அம்மாமேதையின் பட்டியலில் ஒரு வரி விடுபட்டுள்ளது. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் இவ்வெண்ணும் உயர் பகு எண்ணே; இதன் வகுஎண்கள் 5,040. பின்வந்த கணித அறிஞர்கள் இக்குறையைக் கண்டு குறித்துள்ளனர். அதனை யாம் முன்பே படித்திருந்தோம். ஆனால் விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வரும் என்பதை அதுவரை கவனித்ததில்லை. எழுதிய எண்ணின் உள்ளேயே எழுதாத எண் அடங்கியிருக்கிறது! தாராவிச் சிறுவன் ஒருவன் ஒரே வகுத்தலில் அதனை வெளியே எடுத்துவிட்டான்.

பிள்ளைகளிடம் இதனைச் சொன்னோம். ஒரு சிறுமி, "இராமானுஜனும் தப்பு விடுவாரா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் வருத்தமில்லை. புதியதொரு துணிவு தெரிந்தது.

பேரேடு எழுதுவோர் யாவரும் ஒரு வரி விடுபடுவதன் துன்பத்தை அறிவர். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எம் கையால் ஒரு பதிவு விடுபட்டு, மாத இறுதிக் கணக்கு ஒவ்வாமல், இரவெல்லாம் கண்விழித்துத் தேடியிருக்கிறோம். விடியற்காலையில் அகப்பட்டது. கூட்டலில் பிழையில்லை, எழுதிய ஒவ்வொரு வரியும் சரி, எழுதாத வரியே குற்றம். அத்தகைய குற்றத்தைக் கண்டறிவதுதான் மிக அரிது. இராமானுஜனின் அட்டவணையில் ஒரு வரி இல்லை என்று படித்த நாளில், அவர் எம் மேசைக்கு அருகில் வந்து அமர்ந்தது போன்ற உணர்வு உண்டாயிற்று.

இராமானுஜனைத் தெய்வப்பிறவி என்று கூறிக் கைகூப்பிவிடுவது நமக்கு எளிது. அவ்வாறு கூறிவிட்டால் நாம் கணக்குப் போட வேண்டுவதில்லை அன்றோ? வரம் பெற்றவர் பெற்றார்; நமக்கு வரமில்லை என்று இருந்துவிடலாம். விடுபட்ட வரி அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுப்பதில்லை. வானிலிருந்து இறங்கிய பட்டியலாயின் அதில் வரி விடுபட்டிராது. மனிதர் ஒருவர், குளிரும் போரும் சூழ்ந்த அயல்நாட்டில், தாளும் எழுதுகோலும் கொண்டு உழைத்த உழைப்பு அது. நூற்றுக்கு மேற்பட்ட வரிகளில் ஒன்றே விடுபட்டது என்பது அவர் பெருமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

5,040 என்னும் பழைய எண்

விடுபட்ட எண்ணுக்கு 5,040 வகுஎண்கள் என்றோம். 5,040 தானும் ஓர் உயர் பகு எண். அதற்கு அறுபது வகுஎண்கள். கிரேக்க ஞானி பிளேட்டோ, தம் இலட்சிய நகரின் குடிமக்கள் 5,040 பேராக இருத்தல் வேண்டும் என்று தம் முதுமைக்கால நூலில் வகுத்தார். போருக்கும் அமைதிக்கும் எளிதில் பிரிக்கத்தக்கது என்பதே காரணம்.

வேறொரு செய்தியும் உண்டு. 1915-இல் இராமானுஜனின் ஆராய்ச்சி முழுதும் அச்சேறவில்லை. கணிதக் கழகத்தின் பண முட்டுப்பாட்டால் பின்பகுதி நின்றுவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1997-இல் நிக்கோலா, ரொபேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பகுதியைக் குறிப்புகளுடன் வெளியிட்டனர். அவ்விருவருள் ரொபேன் 1984-இல் ஒரு வியத்தகு முடிவை நிறுவியிருந்தார். 1859-இல் ரீமன் கூறி, இன்றளவும் எவரும் நிறுவாத கருதுகோள் ஒன்று உண்டு. பகா எண்களின் பரவலைப் பற்றியது. ஓர் எண்ணின் வகுஎண்களை எல்லாம் கூட்டினால் வரும் தொகை, 5,040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணிலும் குறிப்பிட்டதோர் எல்லைக்குள் அடங்குமாயின் ரீமன் கூற்று மெய். ஓர் எண்ணில் மீறினும் பொய். இதுவே ரொபேன் கண்டது. அச்சேறாது கிடந்த ஏடுகளில் இராமானுஜனும் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றிருந்தார். நகரைப் பங்கிடப் பிளேட்டோ எடுத்த எண், கணித உலகின் மாபெரும் புதிர் ஒன்றின் வாயிற்படியாக நிற்கிறது.

மும்பையும் இராமானுஜனும்

இவையெல்லாம் மும்பைத் தமிழர்க்கு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. 1919 மார்ச் மாதம், உடல் நலிந்து தாயகம் திரும்பிய இராமானுஜன் கப்பலிலிருந்து இறங்கியது இப்பம்பாய்த் துறைமுகத்தில்தான். தாயார் கோமளத்தம்மாளும் தம்பியும் வந்து எதிர்கொண்டனர். மனைவி ஜானகி வரவில்லையா என்றே அவர் முதலில் வினவினார் என்பர். இங்கிருந்து இரயிலேறிச் சென்னை சேர்ந்தார். அந்நாளில் பம்பாய் மெயில் இராய்ச்சூர் வரை ஒரு கம்பெனியின் பாதையிலும், அதற்கப்பால் சென்னை வரை மற்றொரு கம்பெனியின் பாதையிலும் செல்லும். அடுத்த ஆண்டே, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில் மறைந்தார்.

இளம் வயதில் கைம்மை எய்திய ஜானகி அம்மாள், பின்னர் இதே பம்பாய்க்கு வந்து தம் உடன்பிறந்தார் இல்லத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தார், தையற்கலை கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் தம் காலில் நின்றார். 1994-இல் மறைந்தார். தையல் இயந்திரத்தின் ஓசை இடையறாது கேட்கும் தாராவிச் சந்துகளில் நடக்கும்போதெல்லாம் அவ்வம்மையாரை நினைக்கிறோம்.

1957-இல் இம்மாநகரின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், இராமானுஜனின் குறிப்பேடுகளை இரு தொகுதிகளாக வெளியிட்டது. அச்செழுத்தில் மாற்றாமல், அவர் கையெழுத்து உள்ளவாறே படமெடுத்துப் பதித்தனர். அதன் பயனாகவே உலகெங்கும் உள்ள அறிஞர்கள் அவற்றை ஆராயலாயினர். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் அவற்றுக்கு நிரூபணங்களும் விளக்கங்களும் திரட்டித் தந்தார். குமாஸ்தாவின் ஏட்டைத் திருத்தாமல் அப்படியே உலகின் முன் வைத்த பெருமை நம் மும்பைக்கு உரியது.

முடிவாக

23-இல் தொடங்கிய அச்சிறுவனைப் பற்றிக் கூறாமல் முடித்தல் முறையன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், தாம் வேலை செய்யும் தோல்பைப் பட்டறையில் அவனைச் சேர்த்துவிட அவன் தந்தையார் எண்ணியிருந்தார். யாம் இல்லம் சென்று பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்களும் பத்தோடு நின்றவர்தானே? குறையொன்றும் இல்லாமல்தானே இருக்கிறீர்கள்?" என்றார்.

அதற்கு எம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. சிறிது நேரம் கழித்து, "குறை இருக்கிறது, அண்ணாச்சி. சொல்லிக்கொள்வதில்லை" என்றோம். பின் அச்சிறுவனின் நோட்டை எடுத்து, அந்த ஒரு வரியைக் காட்டி, அதன் வரலாற்றைச் சொன்னோம். அவர் அந்த எண்ணை விரல் வைத்து நெடுநேரம் பார்த்தார். எழுத்தறியாத அவர் எண்ணறிவார். பட்டறைக் கணக்கு முழுதும் அவர் மனத்தில்தான். இன்று அச்சிறுவன் பதினொன்றாம் வகுப்பில் பயில்கிறான். கட்டணத்தின் ஒரு பகுதியை மாதுங்கா, செம்பூர் அன்பர் சிலர் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஆம் நாள், 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் நம் மன்றத்தில் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நில்லாமல், பிள்ளைகளுக்கு ஒரு பேரெண்ணைக் கொடுத்து உடைக்கச் சொல்வோம். பெரியோரும் தாளெடுத்து உடன் அமர்வோம். நம் முன்னோர் முந்திரியும் காணியும் மாகாணியும் வாய்ப்பாடாக ஒப்பித்தவர்கள். நமக்கு அது புதிதன்று. விடுபட்ட வரிகள் இன்னும் எத்தனையோ உள. அவற்றை எழுத நம் சந்துகளிலிருந்தும் ஒருவர் வருதல் கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க எண்ணறிவு!